எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் – 9: குடிபாலாவின் கணக்கு

ஒரு கிராமத்தில் எண்ணெய் எங்கெங்கே செலவாகிறது என்று எழுதிப் பார்த்தால், பங்க்கில் போடும் பெட்ரோல் அதில் சின்னப் பங்குதான். சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா மண்டலம். தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர்கள். நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் மாவும் கறவை மாடும் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. உழவு டிராக்டரில், அது டீசல். பயிருக்கு யூரியா, அது இயற்கை எரிவாயுவில் செய்த உரம். அடுப்பில் சிலிண்டர். பால் வேனிலும் மாங்காய் லாரியிலும் ஊரை விட்டுப் போகின்றன. அரிசியும் சமையல் எண்ணெயும் சோப்பும் லாரியில் வந்து சேர்கின்றன. எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தால் முதலில் நிற்பது இளைஞரின் பைக். அதைவிடப் பெரிய அடி ஏர் கட்டும் வாரத்திலும் உரம் போடும் வாரத்திலும் விழும்.

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதுவும் பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலிருந்து. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து அரசு கட்டியுள்ள அவசரச் சேமிப்புக் குகைகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். முழுக்க நிரம்பியிருந்தாலும் அது நாட்டின் பத்து நாள் தேவைக்குக்கூடப் போதாது. எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பையும் சேர்த்தால் சில வாரங்கள் தாங்கும். அதற்கு மேல் நீளும் தட்டுப்பாட்டை ஊர்தான் சமாளித்தாக வேண்டும்.

இந்த வட்டாரம் அப்படி ஒன்றை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. சித்தூர் அப்போது சென்னை மாகாணத்து ஜில்லா. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரலில், பின்வாங்கிய ஆங்கிலேயரே யெனாங்யாவுங் எண்ணெய் வயல்களைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். இங்கே விளக்கெரிக்க வந்த மண்ணெண்ணெய் பர்மாவினது. சென்னை மாகாணம் நம்பியிருந்த அரிசியும் பர்மாவினது. இரண்டும் ஒரே ஆண்டில் நின்றன. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பஸ்களின் பின்புறம் உயரமான இரும்புப் பீப்பாயைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். வண்டி கிளம்பும் முன் கிளீனர் கைப்பிடியைச் சுழற்றிக் கரியை ஊதிக் கனிய வைக்க வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். கரி பஸ் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், உழவும் இறைப்பும் செக்கும் வண்டியும் அப்போது மாட்டின் தோளில் இருந்ததுதான். எண்ணெய் நின்றது சாலையையும் விளக்கையும் பாதித்தது. வயலை அவ்வளவாகத் தொடவில்லை. இன்று நிலைமை தலைகீழ்.

இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயர் தேர்வு முடித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதினார்; 1945-இல் காந்தியின் முன்னுரையோடு வந்தது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு, அதைச் சார்ந்த வாழ்க்கை சண்டையில்தான் முடியும் என்பது அவர் வாதம். மரமும் பயிரும் மாட்டின் உழைப்பும் ஆண்டுதோறும் புதிதாக வரும் வரவு. அதற்குள் செலவை அடக்கும் ஊருக்கு யாரையும் மிரட்ட வேண்டிய தேவை இல்லை. சங்கம் இதைப் பேச்சோடு விடவில்லை. மண்ணெண்ணெய்க்குப் பதில் ஊரில் ஆட்டிய எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கை வார்தாவில் செய்து காட்டினார்கள். குமரப்பா கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30-இல் மறைந்தார். அவர் சொன்ன கணக்குமுறையைக் குடிபாலாவில் ஒவ்வொரு தொழிலாக வைத்துப் பார்க்க வேண்டும்.

வெல்ல ஆலை

சித்தூர் வெல்லத்துக்குப் பேர்போன மாவட்டம். கரும்பு ஆடும் ஆலையில் எரிபொருள் வெளியிலிருந்து வருவதில்லை. கரும்பைச் சாறு பிழிந்ததும் வெளியே விழும் சக்கையைத் தரையில் பரப்பிச் சில நாள் வெயிலில் காயவைக்கிறார்கள். அந்தச் சக்கைதான் கொப்பரைக்குக் கீழே எரிகிறது. அடுப்பு தரைக்குள் குழியாக இருக்கும். ஒரு பக்கத்து வாயில் உட்கார்ந்து ஒருவர் சக்கையைக் கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளிக்கொண்டே இருப்பார். ஒரேயடியாகப் போட்டால் புகை, இடைவெளி விட்டால் கொதி தணிந்துவிடும். அந்தச் சீரில்தான் அவர் கைத்திறமை. சாறு சூடேறும்போது மேலே திரளும் அழுக்கை வலைக்கரண்டியால் வழித்தெடுத்து, சிறிது சுண்ணாம்பு சேர்த்து, பாகு பதம் வரும்வரை கிளறுவார்கள். பதம் ஏறக்குறைய 118 டிகிரியில் வரும். ஆனால் ஆலையில் யாரும் வெப்பமானி வைத்துக்கொள்வதில்லை. ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலில் உருட்டிப் பார்த்துக் கொப்பரையை இறக்குகிறார்கள்.

பிழியும் எந்திரத்தை முன்பு மாடு சுற்றியது, பிறகு டீசல் எஞ்சின் ஓட்டியது, இப்போது மின் மோட்டார் ஓட்டுகிறது. சூடு மட்டும் எந்தக் காலத்திலும் கரும்பிலிருந்தே வந்தது. ஆண்டுதோறும் வரும் வரவுக்குள் செலவை அடக்கும் தொழில் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல சான்று இல்லை. அடுப்பின் அமைப்பைத் திருத்தினால் சக்கை மிஞ்சவும் செய்யும். மிஞ்சியது வயலுக்கு மூடாக்கு.

கிணறும் ஏரும்

கவலை இறைத்த காலத்துக் கிணறுகள் முப்பது நாற்பது அடி ஆழம். சரிவான பாதையில் இரண்டு மாடுகள் இறங்க, தோல் வாயுள்ள சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். இன்று அந்தக் கிணறுகள் பெரும்பாலும் வறண்டு கிடக்கின்றன. தண்ணீர் பல நூறு அடிக்குக் கீழே போர்க்குழாயில் இருக்கிறது. அந்த ஆழத்திலிருந்து மாடு தண்ணீர் இறைக்காது. ஆந்திரத்தில் 2004 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. அந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் உற்பத்தியாவது, ஆகவே எண்ணெய் நின்றால் மறுநாளே பம்பு நின்றுவிடாது. ஆனாலும் எளிய வாழ்க்கைக்கான ஆயத்தத்தில் ஏரிக்குத்தான் முதல் இடம். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் மாவட்டம் இது. ஏரியைத் தூர்வாரி, வரத்துக் கால்வாயில் உள்ள ஆக்கிரமிப்பை எடுத்து, வண்டலை வயலில் கொட்டினால் மேல்மட்ட நீர் ஏறும். நீர் ஏற ஏறச் சின்ன மோட்டாரும் சூரியத் தகடும் போதுமானதாகும். எவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறோம் என்பது எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதே.

ஏர் விஷயத்தில் அவசரப்படுபவர்கள் ஏமாறுவார்கள். டீசல் இல்லை என்றதும் மாட்டைப் பூட்டலாம் என்று எண்ணினால், மாடு எங்கே? கறவைக்காகக் கலப்பினப் பசுக்கள் பெருகின. காளைக்கன்றுக்குத் தீனி போட்டு வளர்ப்பாரில்லை. இப்போது பெரும்பாலும் கிடேரியே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து ஊசியும் வந்துவிட்டது. ஒரு காளைக்கன்று ஏருக்குப் பழக ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். நுகத்தடி செதுக்கவும் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றவும் தெரிந்த தச்சரும் கொல்லரும் அருகிவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு ஊருக்குச் சில ஜோடி என்று வைத்துக்கொண்டால்தான் தேவைப்படும் நாளில் அது பத்து ஜோடியாகும். மற்றபடி, உழவையே குறைக்கும் வழிகள் உண்டு.

உரமும் அவசரமும்

ஆந்திர அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா 2016 முதல் நடத்திவரும் இயற்கை வேளாண்மைத் திட்டம் இங்கேதான் பொருந்துகிறது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டி. விஜய் குமார் தலைமையில், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியே பரவிய திட்டம் இது. 2024-இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் விருதைப் பகிர்ந்துகொண்டது. ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் கலந்து இரண்டு நாள் புளிக்கவிட்டால் ஜீவாமிர்தம், இந்த முறையின் உரக் கரைசல். இவற்றில் எதுவும் குடிபாலாவுக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, வெல்லம்கூட ஊரிலேயே. பருவமழைக்கு முன்பே, களிமண்ணும் சாணமும் பூசிய பலவகை விதைகளைக் காய்ந்த நிலத்தில் விதைத்துவிடுகிறார்கள். முதல் தூறலில் முளைத்து நிலத்தை மூடும் அந்தப் பயிர் ஈரத்தையும் காக்கிறது, மாட்டுக்கும் தீனியாகிறது.

யூரியா தரும் தழைச்சத்து முழுவதையும் இது ஈடுகட்டுமா என்பதில் வேளாண் அறிவியலாளர்களிடையே உடன்பாடு இல்லை; 2019-இல் தேசிய வேளாண் அறிவியல் கழகம் இந்த முறையைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. அந்தக் கேள்வியை ஒதுக்கக் கூடாது. நெல்லிலும் கரும்பிலும் விளைச்சல் குறைகிறதா என்று ஒவ்வொரு ஊரும் ஒரு காணியில் செய்து அளந்து பார்ப்பதே நேர்மையான வழி. அளக்காமல் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். மண்ணுக்கும் உழவருக்கும் பழகிக்கொள்ள ஒரு பருவம்கூடத் தரவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசியை வெளியில் வாங்க நேர்ந்தது. நவம்பரில் தடையை விலக்கிய பிறகும் சேதம் ஆறவில்லை. வழி தவறு என்பதைவிட வேகம் தவறு என்றே சொல்ல வேண்டும். கேழ்வரகும் கடலையும் துவரையும் கலந்து விதைக்கும் மானாவாரி நிலத்தில் தொடங்கி, நஞ்சைக்குக் கடைசியில் வருவதே விவேகம்.

அதே தீவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெட்ரோலுக்கும் மின்கலத்துக்கும் உரத்துக்கும் தடை வந்தது. மக்கள் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கேற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெட்ரோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பல ஆண்டுகள் அந்த ஊர் சைக்கிளில் நகர்ந்தது. அந்தத் திறமையை வியக்கலாம். அந்தத் துன்பத்தை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. தேர்ந்துகொண்ட எளிமைக்கும் திணிக்கப்பட்ட இல்லாமைக்கும் நடுவே இருப்பது ஆயத்தம் செய்யக் கிடைத்த காலம்தான்.

அடுப்பு

எளிய வாழ்க்கை என்று பேசும்போது பலரும் அடுப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விறகுக்குத் திரும்புவதென்றால் பொறுக்கப் போவதும் புகையில் இருமுவதும் பெண்கள். அதை மீண்டும் அவர்கள் தலையில் வைக்கும் எந்தத் திட்டமும் ஏற்கத்தக்கதல்ல. ஆந்திரத்தில் 1999-இல் வந்த தீபம் எரிவாயு இணைப்புத் திட்டமும், 2024 நவம்பரில் தொடங்கிய ஆண்டுக்கு மூன்று இலவச சிலிண்டரும் தந்த விடுதலை உண்மையானது. அதற்கு மாற்று ஊரிலேயே இருக்கிறது: சாண எரிவாயு. 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ அளவில் சாணம் வேண்டும், அதாவது நாலைந்து மாடு. ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு அது போதும். மாதம் ஒரு சிலிண்டருக்குக் குறையாத எரிவாயு. வெளியேறும் கரைசல் நல்ல உரம். பால் வேன் நிற்கும் தெருக்களில் சாணத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்றிரண்டு மாடு மட்டும் உள்ள வீடுகள் பக்கத்து வீட்டோடு சேர்ந்து கட்ட வேண்டும். மாடே இல்லாதவர்களுக்குச் சிலிண்டரை ஒதுக்கிவைக்க வேண்டும். பழைய கலன்கள் பல ஊர்களில் பாழானது தொழில்நுட்பக் குறையால் அல்ல, விரிசலை அடைக்க ஆள் இல்லாததால். கொத்தனார் ஒருவரையாவது இதில் பழக்காமல் கலன் கட்டுவது வீண்.

தூரம்

சித்தூர் மாவட்டத்து மா பெரும்பாலும் பெங்களூரா ரகம். கூழாக்கி, டின்னிலும் பையிலும் அடைத்துக் கடல் கடந்து அனுப்பும் பழம். 2025-இல் விலை விழுந்தபோது ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று வகுத்துத் தரவேண்டி வந்தது. எண்ணெய் தாராளமாகக் கிடைத்த ஆண்டிலேயே இந்த நிலை. தொலைதூரச் சந்தையை மட்டும் நம்பிய பயிருக்கு லாரிச் செலவு ஏறினால் தாங்காது. வேர்க்கடலையோ பக்கத்துச் செக்கிலேயே எண்ணெயாகிறது. புண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் நிலத்துக்கு. ஆனால் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது; கடலை விளையும் ஊரிலேயே பாமாயில் தாளிக்கிறது. தோப்பை வெட்ட வேண்டியதில்லை. மர இடைவெளியில் கடலையும் ராகியும் போட்டு, வீட்டுக்கு ஆண்டு முழுதும் வேண்டியதை முதலில் எடுத்துவைத்துவிட்டு மீதியை விற்பது போதும். காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி என்று போகும் ரயில் பாதை மின்மயமானது. ஊரின் விளைச்சல் நிலையம்வரை போக வழி இருந்தால் சரக்கு டீசலை நம்பிக் கிடக்காது.

எவ்வளவு குறைத்தாலும் கொஞ்சம் டீசல் வேண்டியிருக்கும். அது யாருக்கு முதலில் என்பதைத் தட்டுப்பாடு வந்தபின் பேசினால் வரிசையில் அடிதடிதான். இலங்கையில் 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவை தவிர மற்றவருக்கு விற்பனையை நிறுத்தி, பிறகு ஜூலையில் கியூஆர் அட்டை கொண்டுவந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று பங்கிட்டபோதுதான் நாள்கணக்கில் நின்ற வரிசைகள் கலைந்தன. 108 ஆம்புலன்ஸ், குடிநீர் லாரி, உழவு வாரத்து டிராக்டர், அறுவடை எந்திரம், அதன்பின் பால் வேன் என்று குடிபாலாவின் ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையில் பேசி எழுதிவைக்கலாம். 2019 அக்டோபர் 2 முதல் இயங்கும் கிராமச் சச்சிவாலயங்களில் வேளாண் உதவியாளரும் கால்நடை உதவியாளரும் இருக்கிறார்கள். எத்தனை உழவு மாடு, எத்தனை சாணக் கலன், எத்தனை செக்கு, எந்த ஏரியில் எவ்வளவு மண் என்ற பட்டியலை ஒரு பருவத்துக்குள் அவர்களால் எடுத்துவிட முடியும்.