உறுப்பும் ஆளும் : பட்டாசுத் தொழிலில் பார்வை இழந்தோர் நிலை பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், உயர்திணைப் பொருளைச் சுட்டியும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களை ஒரு நூற்பாவில் தொகுத்துக் கூறுகின்றார். குடிமை, ஆண்மை, இளமை, மூப்பு என வரும் அத்தொகுதியில் ‘உறுப்பின் கிளவி’ என்பதும் ஒன்று. குருடு, முடம் போல்வன இதற்கு எடுத்துக்காட்டாவன. சுட்டப்படுவோர் மக்களே, ஆயினும் சொல் உறுப்பின் குறையைப் பற்றி எழுந்தமையின், ‘குருடு வந்தது’ என அஃறிணை வினைகொண்டு முடிகின்றது. ஆசிரியர் தம் காலத்து வழக்கை உள்ளவாறு உரைத்தாரேயன்றி எவரையும் இழித்துரைத்தாரல்லர். எனினும் அவ்விலக்கணம் காட்டும் உண்மை ஆழ்ந்து நோக்கற்பாலது. உறுப்பைக் கொண்டு ஆளைச் சுட்டத் தொடங்கின், ஆள் மறைந்து உறுப்பே எஞ்சும் என்பதே அது.

இவ்வழக்கு நம் சொற்களினின்றும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. சட்டங்களின் அளவைகளினின்றும் அது நீங்கியதா என்பது வேறு வினா. விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியையும் அதனைச் சூழ்ந்த சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளையும் உள்ளிட்ட பட்டாசுத் தொழில் வட்டாரத்தில், விபத்தினாற் கண் இழக்கும் தொழிலாளர் நிலையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயர் திருந்திய முறை

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்று 28-ஆம் பாட்டில் மக்கட் பிறப்பின் எண்வகைக் குறைகளை எண்ணுமிடத்துச் ‘சிதடு’ என்பதனை முதற்கண் வைக்கின்றார். பிற்காலத்து ‘அந்தகன்’ என்னும் வடசொல் பெருவழக்குற்றது. பதினேழாம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் வீரராகவ முதலியார் ‘அந்தகக்கவி’ என்றே அறியப்பட்டார். அவரது புலமையைப் போற்றிய உலகமும் அவர் பெயரின் முன்னர்க் குறையையே வைத்தது. பழனியில் 1836-ஆம் ஆண்டு பிறந்து, பெரியம்மையால் இளமையிலேயே பார்வை இழந்து, இராமநாதபுரம் சமத்தானத்திற் சிறப்புற்ற மாம்பழக் கவிச்சிங்க நாவலர் நிலை இதனின் வேறு. அவர் பெயர் அவரது கவித்திறத்தையே சுட்டிற்று; கண்ணைச் சுட்டவில்லை.

கடந்த நூற்றாண்டில் குருடர் என்பது பார்வையற்றோர் என்றும், அங்ககீனர் என்பது ஊனமுற்றோர் என்றும் திரிந்தன. கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராய் இருந்த காலத்தில் ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் அரசு வழக்காயிற்று. அப்பெயரால் 2010-ஆம் ஆண்டு தனித்துறையும் அமைந்தது. ‘ஊனமுற்றோர்’ என்பது குறையை முன்வைக்கும். ‘திறனாளி’ என்பது திறத்தையும் அதனை ஆளும் ஆளையும் முன்வைக்கும். ஆதலின் அஃறிணை முடிபு கொண்ட உறுப்பின் கிளவி, படிப்படியே உயர்திணைப் பெயராய்த் திருந்திற்று எனக் கொள்ளலாம். ஆயின் பெயர் திருந்திய அளவுக்கு அளவை திருந்தவில்லை என்பது பின்வருவனவற்றாற் புலனாகும்.

3. தொழிலும் கண்ணும்

சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டனர். மழை குறைந்த கரிசற் பூமியில் அத்தொழில் வேரூன்றிற்று; பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்தன. விருதுநகர் மாவட்டம் இராமநாதபுரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமானது 1985-ஆம் ஆண்டு. இந்திய நாட்டுப் பட்டாசிற் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலேயே உருவாகின்றது.

இத்தொழிலில் மருந்துக் கலவை செய்தல், குழல்களில் மருந்து செலுத்துதல், மணி மருந்து உருட்டிக் காயவைத்தல், திரி பொருத்துதல், சரம் பின்னுதல் ஆகிய அனைத்தும் முகத்திற்கு அண்மையிற் கையால் நிகழ்வன. உராய்வினாலோ வெப்பத்தினாலோ மருந்து பற்றுமாயின், கையும் முகமும் கண்ணுமே முதலில் தாக்குண்ணும். அனலாற் கருவிழி வெந்துபோதலும், அதிர்ச்சியாற் கண்ணினுள்ளே குருதி கசிதலும், விழித்திரை கிழிதலும், நுண்துகள் கண்ணினுள் தைத்தலும் இத்தகைய விபத்துகளின் விளைவுகள். காயமுற்ற ஒரு கண்ணின் அழற்சி, சில கிழமைகள் கழித்தோ பல ஆண்டுகள் கழித்தோ, காயமுறாத மற்றைக் கண்ணையும் பற்றுதல் அரிதாக நேர்வதுண்டு என்பதும் கண் மருத்துவர் நன்கறிந்ததே.

ஒரு கண் இழந்தார்க்கு ஓரளவு பக்கப்பார்வை குறைதலோடு, அண்மைப் பொருளின் ஆழத்தை இரு கண்ணாலும் ஒருங்கு நோக்கி அளக்கும் ஆற்றலும் இல்லையாம். சிறு குழலின் வாயில் மருந்து செலுத்துவார்க்கும் திரி பொருத்துவார்க்கும் இவ்வாற்றலே தொழிற்கு அடிப்படை. எழுதுவினைஞர் ஒருவர் ஒரு கண் இழப்பதும் மருந்தறைத் தொழிலாளர் ஒருவர் ஒரு கண் இழப்பதும் மருத்துவ நூலின்படி ஒன்றே, வாழ்க்கையின்படி ஒன்றல்ல.

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். இத்தகைய பேரழிவுகளில் இறந்தோர் தொகை நாட்டின் நினைவில் நிற்கின்றது. உயிர் பிழைத்துப் பார்வை இழந்தோர் எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு கழிக்கின்றனர் என்பது அவ்வாறு நிற்பதில்லை.

4. இருவேறு அளவைகள்

கண் இழந்த தொழிலாளரை இருவகைச் சட்டங்கள் எதிர்கொள்கின்றன. ஒன்று இழப்பீட்டுச் சட்டம். மற்றொன்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் முதல் அட்டவணையில் உறுப்பிழப்பிற்கு விழுக்காடு வகுத்தது. பார்வை இன்றியமையாத எத்தொழிலையும் செய்ய இயலாத அளவிற்குப் பார்வை இழப்பின் 100 விழுக்காடு. மற்றைக் கண் நன்றாயிருக்க ஒரு கண்ணையே இழப்பின் 40 விழுக்காடு. விழி உருக்குலையாது ஒரு கண்ணின் பார்வை மட்டும் இழப்பின் 30 விழுக்காடு. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், 1948 என்பதும் இவ்வாறே அட்டவணை கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 இவ்விரண்டையும் தன்னுள் அடக்கிற்று; உறுப்பிழப்பு அட்டவணை அதிலும் தொடர்கின்றது.

இவ்விழுக்காட்டின் பொருளை ஒரு கணக்காற் காண்போம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2020-இல் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய் மாத ஊதிய வரம்பைக் கொள்வோம். 30 அகவையினர்க்குச் சட்டம் விதித்த பெருக்கெண் 207.98. ஊதியத்தில் 60 விழுக்காடாகிய 9,000 ரூபாயை அதனாற் பெருக்க, இரு கண்ணும் இழந்தார்க்கு 18,71,820 ரூபாய் வரும். ஒரு கண் இழந்தார்க்கு 7,48,728 ரூபாயும், ஒரு கண்ணின் பார்வை மட்டும் இழந்தார்க்கு 5,61,546 ரூபாயும் வரும். ஒரு கண் இழந்தார் அத்தொழிலுக்கு மீள இயலாராயினும் அட்டவணை அதனை வினவுவதில்லை.

வேறுபாடு பணத்தளவில் நிற்பதுமன்று. பாதுகாப்பு விதியைத் தொழிலாளர் வேண்டுமென்றே மீறியமையால் விபத்து நேர்ந்தது என்னும் வாதத்தை, இறப்பிலும் நிலையான முழு இயலாமையிலும் உரிமையாளர் எழுப்ப இயலாது. பகுதி இயலாமையில் எழுப்பலாம். எனவே ஒருவரது இழப்பு ‘முழுமை’ எனப்படுகின்றதா ‘பகுதி’ எனப்படுகின்றதா என்பதனைப் பொறுத்து, இழப்பீடே கிடைக்குமா என்பதும் மாறுபடும்.

இனி, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்பதனை நோக்குவோம். இச்சட்டம் பார்வையின்மையையும் குறைபார்வையையும் நல்ல கண்ணைக் கொண்டே அளக்கின்றது. கண்ணாடி முதலியவற்றால் திருத்திய பின்னும் நல்ல கண்ணின் பார்வை 3/60-க்குக் குறைவாகவோ, பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறைவாகவோ இருப்பின் அது பார்வையின்மை. நல்ல கண்ணின் பார்வை 6/18-க்கு மேற்படாது 3/60 வரை அமையின் அது குறைபார்வை. 2018-இல் வெளியான மதிப்பீட்டு நெறிமுறை, ஒரு கண் முற்றும் பார்வையற்று மற்றது நன்றாயிருப்பார்க்கு 30 விழுக்காடு வகுத்தது. இடஒதுக்கீடு முதலிய பயன்களுக்கு வேண்டிய எல்லையோ 40 விழுக்காடு.

ஆகவே ஒரு சட்டம் இழந்த கண்ணை மட்டும் நோக்கிப் பகுதி இழப்பு என்கின்றது. மற்றொரு சட்டம் எஞ்சிய கண்ணை மட்டும் நோக்கி எல்லைக்குப் புறம்பு என்கின்றது. இரு கண்ணுக்கும் உரிய ஆளை இரண்டும் நோக்கவில்லை. உறுப்பின் கிளவி ஈண்டுச் சட்டத்தின் கிளவியாய் நிற்றல் காண்க.

இரு பார்வையும் இழந்தார்க்கும் ஒரு குறை உண்டு. பணிக்காலத்தில் உடற்குறை எய்தியவரைப் பணிநீக்கம் செய்யலாகாது, வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு விதிக்கின்றது. ஆயின் அவ்விதி அரசு நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். 4 விழுக்காட்டு இடஒதுக்கீடும், அதனுட் பார்வை இழந்தோர்க்குரிய 1 விழுக்காடும் அரசுப் பணியைச் சார்ந்தன. தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை வகுத்தல் வேண்டும் என 21-ஆம் பிரிவு கூறினும், தொழிற்சாலையிற் கண் இழந்தவர் அத்தொழிற்சாலையிலேயே வேறு பணி பெறுதற்குரிய திண்ணிய உரிமை அதனாற் பிறக்கவில்லை.

5. நீதிமன்றம் காட்டிய நெறி

இக்குறைக்கு மருந்து சட்ட மரபிலேயே உண்டு. இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவர் வழக்கில், 1975 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவரது இழப்பை முழு இழப்பாகவே கொண்டது. ஒரு கையாற் தச்சு வேலை செய்தல் இயலாது. ஆதலின் அட்டவணையின் விழுக்காடு அவர்க்குப் பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. சாலை விபத்து வழக்கொன்றில் 2010-ஆம் ஆண்டு அந்நீதிமன்றமே உடற்குறையின் விழுக்காடு வேறு, ஈட்டுந்திறன் இழப்பின் விழுக்காடு வேறு எனத் தெளிவுற வகுத்தது. 2021-இல், 40 விழுக்காட்டு எல்லைக்கு உட்படாதார்க்கும் தேர்வில் எழுத்துதவியாளர் முதலிய தக்க வசதிகள் மறுக்கப்படலாகா என்று தீர்ப்பளித்தது.

இம்மூன்று தீர்ப்புகளும் உறுப்பினின்றும் ஆளை நோக்கி நடந்தவை. தச்சர்க்குக் கை எத்தன்மைத்தோ, மருந்தறைத் தொழிலாளர்க்குக் கண் அத்தன்மைத்து. ஆயின் வழக்குமன்றம் ஏறுவார்க்கே இந்நெறி பயன்படுகின்றது. ஏறாதார்க்கு அட்டவணையே முடிவாகின்றது. தீர்ப்பிற் கண்ட நெறி விதியாக எழுதப்பட வேண்டுவது இதனாலேயே.

6. இயக்கமும் தொழிலாளரும்

பார்வையற்றோர் உரிமை வரலாறு தென்பாண்டி நாட்டிற்குப் புதிதன்று. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ஆம் ஆண்டளவில் தொடங்கிய பள்ளி, இந்நாட்டின் தொன்மையான பார்வையற்றோர் பள்ளிகளுள் ஒன்று. இந்திய மொழிகட்குரிய பொதுப் பிரெயில் முறை 1951-இல் ஏற்கப்பட்டது. 1970-இல் தோன்றிய தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு, பார்வையற்றோர் தாமே தமக்காகப் பேசும் அமைப்பாய் வளர்ந்தது. அது தொடுத்த வழக்கிலேயே, இடஒதுக்கீடு மொத்தக் காலியிடங்களைக் கொண்டு கணக்கிடப்பட வேண்டும் என 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. 1995, 2016 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னும் இத்தகைய அமைப்புகளின் உழைப்பு உண்டு.

இவ்வெற்றிகள் பெரும்பாலும் கல்விக்கூடத்தையும் அரசு அலுவலகத்தையும் பற்றியன. இளமையிற் பார்வை இழந்து கல்வி கற்று வெளிவந்தோர் நடத்திய இயக்கத்திற்கு அஃது இயல்பே. நாற்பது அகவையில் வெடிவிபத்தாற் பார்வை இழந்து, பிரெயில் அறியாது, கைக்கோல் கொண்டு நடக்கவும் பயிலாது வீட்டில் இருப்பவர் அவ்வியக்கத்தின் கண்ணிற் படுதல் அரிது. அவருக்காகப் பேசும் தொழிற்சங்கமோ இழப்பீட்டுத் தொகையோடு தன் கடமை முடிந்ததாகக் கொள்ளக்கூடும். இவ்விரு நீரோட்டங்களும் கூடாமையே சிவகாசி வட்டாரத்துத் தொழிலாளரின் தனித்துயர்க்குக் காரணம் என்பது எம் துணிபு.

சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், தொழிலாளர் ஒவ்வொருவர்க்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் 1990-இல் ஆணையிட்டது. தொழில் இடர் மிக்கதாயின் அதன் சுமையைத் தொழிலே ஏற்றல் வேண்டும் என்னும் கொள்கை அதனுள் அடங்கியுள்ளது. அக்கொள்கை தொகையோடு நில்லாது மறுவாழ்வுக்கும் விரிதல் முறை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் நான்கு திருத்தங்கள் வேண்டப்படுகின்றன. முதலாவது, வெடிபொருட் தொழிலில் நேரும் கண்ணிழப்பை அட்டவணையால் மட்டும் அளவாது, அவரவர் செய்த தொழிலோடு பொருத்தி அளத்தல். இரண்டாவது, மாற்றுப் பணி பெறும் உரிமையைத் தனியார் தொழிற்சாலைக்கும் விரித்தல். மூன்றாவது, நடைப்பயிற்சி, பிரெயில், திரையைப் படித்துக்காட்டும் கணினிப் பயிற்சி, தொடர் மருத்துவச் சோதனை ஆகிய மறுவாழ்வுத் துணைகளை 40 விழுக்காட்டு எல்லை நோக்காது பணியிற் காயமுற்றார் அனைவர்க்கும் அளித்தல். நான்காவது, இவற்றை வகுக்கும் குழுக்களிற் பார்வை இழந்த தொழிலாளரையே உறுப்பினராக்குதல்.

தமிழ்த்துறையினர்க்கும் இதிற் கடமை உண்டு. இழப்பீட்டு விண்ணப்பமும் மருத்துவச் சான்றும் ஆணையும் கேட்டவுடன் விளங்கும் தமிழில் அமைதல் வேண்டும். பார்வை இழந்தவர் தம் வழக்கின் தாளைப் பிறர் கூறக் கேட்டே அறிகின்றார் ஆதலின், செவிக்கு இயைந்த நடை அவர்க்கு உரிமையோடு ஒத்தது. ‘நிலையான பகுதி இயலாமை’ என்னும் தொடரைச் செவியுற்ற தொழிலாளர், தாம் இழந்தது யாது, பெறுவது யாது என்று உணர்வரோ என்பதனை மொழியறிஞரே ஆராய்தல் தகும். சட்டக் கலைச்சொல்லாக்கத்தில் இத்துறைக்கென ஒரு சிறு அகராதி தொகுத்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாகும். அதனைத் தொகுப்போர் நூலகத்தில் மட்டும் அமராது, வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் பார்வை இழந்தோரிடம் சென்று, அவர்கள் தம் இழப்பை எச்சொல்லாற் கூறுகின்றனர் என்பதனையும் கேட்டுப் பதிவு செய்வாராக.