கூடையில் வந்த காணிக்கை



உதகையிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குப் போகும் சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், மூடுபனிக்குள்ளிருந்து முதலில் குரல்கள்தாம் கேட்கும். பிறகுதான் ஆட்கள் தெரிவார்கள். தலையில் துண்டு, மேலே பழைய ஸ்வெட்டர், செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் தாள், முதுகில் பை. சிலர் தேயிலைக் காட்டுக்குப் போகிறவர்கள், சிலர் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போதும் இதே நேரம், இதே நடைதான்.

அவலாஞ்சி என்ற பெயரே ஒரு சரிவிலிருந்து வந்தது. 1800களின் தொடக்கத்தில் இங்கே பெரிய மண்சரிவு ஒன்று ஏற்பட்டது. பனி சரிவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை வெள்ளைக்காரர்கள் மண் சரிந்த இடத்துக்கு வைத்துவிட்டார்கள். நம் நாக்கு அதை அவலாஞ்சி ஆக்கிக்கொண்டது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தப் பெயர் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை. ஆண்டு முழுவதும் பெய்தாலும் அவ்வளவு மழையைக் காணாத ஊர்கள் தமிழகத்தில் எத்தனையோ உண்டு. சாலைகள் அறுந்தன, விதைத்த நிலம் சேறாக ஓடியது. மழை விட்டதும் மக்கள் செய்தது என்ன? மண்வெட்டியை எடுத்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, 'உழைப்பில் நன்றியுணர்வையும் விசுவாசத்தையும் காண்பது எப்படி?' என்று கேட்பது கொஞ்சம் துணிச்சலான காரியம். மறையுரை ஆற்றுகிற நாம் கோவிலுக்குள் உலர்ந்த இடத்தில் நிற்கிறோம். நம்மைக் கேட்பவர்களோ நாள் முழுவதும் நனைந்தவர்கள். 'எல்லாவற்றிற்கும் நன்றி சொல்லுங்கள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்கும் ஒரு தாய், 'எதற்கு நன்றி? அட்டை கடித்ததற்கா, முதுகு வலிக்கா?' என்று மனத்துக்குள் கேட்டால் அது பாவமில்லை. அந்தக் கேள்விக்கு விவிலியத்தில் பதில் இருக்கிறதா என்று இன்று பார்ப்போம்.

இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு கூடை வருகிறது. நிலத்தின் முதல் பலனைக் கூடையில் வைத்து, ஆண்டவர் தேர்ந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குரு அதை வாங்கிப் பீடத்தின் முன் வைப்பார். அதோடு முடியவில்லை. கொண்டுவந்தவர் வாய் திறந்து பேச வேண்டும். என்ன பேச வேண்டும்? 'நன்றி ஆண்டவரே' என்ற ஒரே வரியை அல்ல; தம் குடும்பக் கதையை. நாடோடியாகத் திரிந்த அரமேயர் ஒருவர் தம் மூதாதை என்பதை, சிலராக எகிப்துக்குப் பிழைக்கப் போனதை, அங்கே பெருகியதை, எகிப்தியர் தங்களை ஒடுக்கிக் கடும் வேலை வாங்கியதை, தாங்கள் கூக்குரலிட்டதை, ஆண்டவர் அதைக் கேட்டுத் தங்களை வெளியே கொண்டுவந்ததை. இவ்வளவையும் சொன்ன பிறகுதான், 'இதோ, கொண்டுவந்திருக்கிறேன்' என்று முடிக்க வேண்டும்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு நீலகிரியின் தாயகம் திரும்பிய குடும்பங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதானே!

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பஞ்சமும் கடனும் விரட்ட, தென் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம். காப்பிச் செடியை நோய் அழித்த பிறகு தேயிலை. காடு வெட்டி, மலையைத் திருத்தி, லயத்துக் காம்பராக்களில் நான்கு தலைமுறை வாழ்ந்தார்கள். விடியும் முன்பே பிரட்டுக் களத்தில் கூட வேண்டும். சொன்ன நிறை கொழுந்து எடுத்தால்தான் அன்றைக்குப் பேர் விழும். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் சேராதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். மீதியிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களைக் கலந்துதான் பிரித்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து பலரும் மலைக்கு வந்தார்கள். இவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு வனத்துறை மூலம் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுதான் 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், நாம் டான்டீ என்று அழைப்பது, ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் மறுபடியும் அதே வேலை: காடு திருத்துவது, குழி வெட்டுவது, நாற்று நடுவது. தேயிலை நட்ட உடனே கொழுந்து தராது. சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தச் சில ஆண்டுகளை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை அந்தக் குடும்பங்களின் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது. கேட்கத்தான் ஆள் குறைவு.

வந்தவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். நம் மக்கள் சிறு தொகையினர்தான். ஆனாலும் பெட்டிக்குள் செபமாலையும் அந்தோணியார் படமும் கடல் கடந்து வந்தன. எஸ்டேட் பாதைகளின் ஓரத்தில் இன்றும் நிற்கிற சிறு கெபிகளைப் பார்க்கிறோமே, அவற்றுள் பலவும் வேலை முடிந்து வந்த கைகள் மறுபடி கல் சுமந்து கட்டியவை.

இப்போது அந்தக் கூடைக்குத் திரும்புவோம். இஸ்ரயேலர் சொன்ன நன்றியுரையில் எகிப்தின் கொடுமை விட்டுப்போகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வழிபாட்டின் நடுவில், பீடத்தின் முன், குருவுக்குக் கேட்கும்படி, 'எங்களைக் கொடுமைப்படுத்தினார்கள்' என்று சொல்ல வேண்டும் என்பது கடவுள் கொடுத்த முறை. அப்படியானால், பட்ட துன்பத்தை மறைத்துச் சிரிப்பது விவிலியம் சொல்லும் நன்றி அல்ல. நம் பங்குகளில் சில வேளைகளில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். கூலி போதவில்லை என்று பேசுகிறவரை நன்றியில்லாதவர் என்கிறோம். அதே இணைச்சட்ட நூல், இரண்டே அதிகாரங்களுக்கு முன்னால், ஏழைக் கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடு என்று கட்டளையிடுகிறது. கொடுக்காத கூலியே கூக்குரலிடுகிறது என்று திருத்தூதர் யாக்கோபு எழுதுகிறார். ஆண்டவரின் காதில் விழும் கூக்குரல் அது.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: உழைப்பவருக்குக் கிடைக்கும் கூலி நன்கொடை அல்ல, அது அவருக்கு உரியது. கூடாரம் தைத்துப் பிழைத்த மனிதர் அல்லவா, அவருக்குத் தெரியும். ஆகவே கூலிக்காக யாரிடமும் கும்பிட்டு நிற்க வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைப் பேசியதே, அவையும் தருமம் அல்ல, உரிமை.

அப்படியென்றால் நன்றி எதற்கு? கூலியாகக் கணக்குப் போட முடியாதவற்றுக்கு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அதை எடுக்கும் விரல்களுக்கு அந்த வேகத்தைக் கொடுத்தது யார்? இடறி விழுந்தால் தூக்கிவிடப் பக்கத்து வரிசையில் ஒருத்தி இருக்கிறாள். காய்ச்சலென்றால் தன் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து நம் பையில் போடுகிறாள். அது எந்தச் சம்பளச் சீட்டில் வருகிறது? கவாத்து வெட்டிய காட்டைப் பார்த்தால் வெறும் குச்சிகளாகத்தான் நிற்கும், செத்துப்போனதுபோல. சில மாதங்களில் துளிர்த்துவிடும். யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் தந்தையாகிய கடவுள் கொடியைக் கழித்துவிடுகிறார் என்று இயேசு சொல்லும்போது, திராட்சைத் தோட்டத்தையே காணாத நம் மக்களுக்கு அதை விளக்க வேண்டிய தேவையில்லை. கத்தி பிடித்தவர்களுக்கு அது எங்கே வெட்ட வேண்டும் என்றும் தெரியும், வெட்டாவிட்டால் தேயிலை மரமாக ஓடிவிடும் என்றும் தெரியும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இஸ்ரயேலர் கொண்டுவந்தது தங்களுக்குக் கிடைத்த நிலத்தின் பலன். நம் தோட்டத் தொழிலாளிக்கு அவர் நட்ட செடி சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டிய நிலை. சொந்தமாக அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளோ, 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து எழுந்தும் விழுந்தும் வருகிறார்கள். எனவே இந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். வாக்களிக்கப்பட்ட நாட்டை இன்னும் எட்டாதவர்களின் நன்றி இது. அபக்கூக்கு இறைவாக்கினர் அத்திமரம் பூக்காத காலத்தைப் பற்றிப் பேசுகிறார். கொடியில் கனியில்லை, வயலில் விளைச்சலில்லை, தொழுவத்தில் மாடில்லை. ஆனாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்கிறார். கையில் எதுவுமில்லாதபோது சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கிறது. இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் கிடைக்காத பேதுருவின் படகில்தான் இயேசுவும் ஏறி உட்கார்ந்தார்.

அவரும் தொழிலாளி. மாற்கு நற்செய்தியில் நாசரேத்து மக்கள் அவரைத் தச்சர் என்று அடையாளம் காட்டுவது பாராட்ட அல்ல. 'இவருக்கு ஏது இந்த ஞானம்?' என்ற ஏளனத்தில். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில்தான் நம் உதகை மறைமாவட்டம் தொடங்கப்பட்டது. தொழிலாளர் நிறைந்த மறைமாவட்டத்துக்கு நல்ல ஆண்டுதான் அமைந்தது. 1981-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தொழிலைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். வேலைக்காக மனிதர் அல்ல, மனிதருக்காகவே வேலை என்பது அதன் சாரம். இளமையில் கல் குவாரியிலும் ரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர் அவர்.

இனித் திருப்பலிக்கு வருவோம். காணிக்கை நேரத்தில் பீடத்துக்குப் போவது கோதுமையும் திராட்சையும் அல்ல, அப்பமும் இரசமும். இரண்டுக்கும் நடுவில் மனித உழைப்பு இருக்கிறது. அறுத்தவர், அரைத்தவர், பிசைந்தவர், சுட்டவர். குரு அவற்றை உயர்த்தும்போது சொல்லும் செபத்தில் நிலத்தோடு சேர்த்து மனிதரின் உழைப்பையும் குறிப்பிடுகிறார். யூதர் உணவின்போது கடவுளைப் புகழும் பழைய முறையிலிருந்து வளர்ந்த செபம் அது. தேயிலையை அறிந்த நமக்கு இது எளிதில் புரியும். கொழுந்தை அப்படியே கொதிக்க வைத்தால் தேநீர் ஆகாது. வாட்ட வேண்டும், நசுக்க வேண்டும், புளிக்க விட வேண்டும், சூட்டில் காய வைக்க வேண்டும். திங்கள் முதல் சனிவரை நாம் பட்ட பாடும் அந்தத் தட்டில் இருக்கிறது. அதைத்தான் ஆண்டவர் தம் உடலாக மாற்றுகிறார். ஞாயிறன்று கோவிலில் உட்காரும்போது விரல் நுனியில் தேயிலைக் கறை போகவில்லையே என்று கையை மறைத்துக்கொள்ளும் சகோதரிகளைப் பார்க்கிறோம். மறைக்காதீர்கள். நன்மை வாங்க அந்தக் கையை அப்படியே நீட்டுங்கள்.

அவலாஞ்சியில் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் அதன் அழகைப் படம் பிடித்துப் போகிறார்கள். அது குந்தா நீர்மின் திட்டத்துக்காக, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட அணை. அப்பர் பவானியிலிருந்து வரும் தண்ணீர் அவலாஞ்சியில் ஒருமுறை சக்கரத்தைச் சுழற்றுகிறது. பிறகு குந்தா, கெத்தை, பரளி என்று இறங்கி இறங்கி வேலை செய்து, பில்லூரில் கோவை மக்களுக்குக் குடிநீராகவும் போகிறது. இந்தக் குளிரில் பாறை உடைத்து அந்த அணைகளைக் கட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில், மற்றவர்கள் பாடுபட்ட வயலில் நீங்கள் அறுவடை செய்கிறீர்கள் என்று இயேசு தம் சீடரிடம் நினைவூட்டுகிறார். மாலையில் விளக்கைப் போடும்போது அவர்களுக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லலாம்.

இணைச்சட்டத்தின் அந்தப் பகுதி கூடையோடு நிற்பதில்லை. காணிக்கை கொடுத்த பிறகு, உன்னோடு இருக்கும் லேவியரும் அந்நியரும் உன் மகிழ்ச்சியில் பங்குபெற வேண்டும் என்று முடிகிறது. நேற்று எகிப்தில் அந்நியராய் இருந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டளை. இன்று நம் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. நாம் அன்று பட்ட லயத்து வாழ்க்கையை இன்று அவர்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. நம் மொழி தெரியாமல் கடைசி வரிசையில், சில வேளை கதவுக்கு வெளியே நின்று திருப்பலி கண்டுவிட்டு, யாரோடும் பேசாமல் போய்விடுகிறார்கள். அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனியில் அப்பத்தட்டை ஏந்தி வர அவர்களுள் ஒருவரைக் கூப்பிடுங்கள். மொழி தெரியாவிட்டால் என்ன, கையைப் பிடித்து அழைத்து வரலாம். திருப்பலி முடிந்ததும் வாசலில் நாம் குடிக்கும் தேநீரில் அவர்களுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். அந்தக் கொழுந்தை எடுத்தது அவர்களாகவும் இருக்கலாம்.