பிள்ளைகளுக்குத் தோல் பேணும் பழக்கம்



தை மாதத்து வெள்ளிக்கிழமைகளில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் கோவிலுக்கு வரும் சிறு பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். பனிச் சப்பாத்தையும் தடித்த மேலங்கியையும் கழற்றிய கையோடு, முழங்கை மடிப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் சொறியத் தொடங்குவார்கள். "சாமிக்கு முன்னால் சொறியாதே" என்று தாய்மார் கையைத் தட்டிவிடுவார்கள். பல் தீட்டவும் கை கழுவவும் பிள்ளைகளைப் பழக்குகின்ற நாம், தோலைப் பேண மட்டும் ஏனோ பழக்குவதில்லை.

இதில் நானும் தவறியவன்தான். என் மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது இரவெல்லாம் சொறிவான். காலையில் படுக்கை விரிப்பில் இரத்தப் புள்ளிகள் இருக்கும். "குளிர்காலத்து வறட்சிதானே" என்று சொல்லி, ஒவ்வொரு மாலையும் நல்ல சுடுதண்ணீரில் அரைமணி நேரம் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வார்த்தோம். அவனுக்கு இருந்தது கரப்பான். வைத்தியனாகிய எனக்கே அது பிடிபடவில்லை. நான் படித்த புத்தகங்களில் கரப்பான் என்றால் வெள்ளைத் தோலில் சிவந்த திட்டு. நம்மவர் தோலில் அது கருமையாகவோ, ஊதா கலந்த மண்ணிறமாகவோ, சாம்பல் பூத்தது போலவோதான் தெரியும். இந்தக் குறையைப் போக்கவே, லண்டன் சென் ஜோர்ஜஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே தம் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து, கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் கைநூலொன்றை 2020இல் வெளியிட்டார். ஆகையால் வைத்தியரிடம் போகும்போது "சிவக்கவில்லை, ஆனால் கருத்துச் சொரசொரக்கிறது" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

தோலை ஒரு மதிலாக எண்ணிக்கொள்ளுங்கள். மேற்படலத்தின் உயிரணுக்கள் கற்கள் என்றால், இடையிலுள்ள கொழுப்பு அவற்றைப் பிணைக்கும் சாந்து. சிலருக்கு இந்த மதிலைக் கட்ட உதவும் ஃபிலக்ரின் என்ற புரதம் பிறப்பிலேயே குறைவு. அதற்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பு 2006இல் கண்டறியப்பட்டது. ஆகவே கரப்பான் வந்தால் அது தாயின் கவலையீனமும் அல்ல, கண்ணூறும் அல்ல. மொன்றியல் குளிர்காலம் இந்த மதிலுக்குச் சோதனைக் காலம். வெளியிலுள்ள கடுங்குளிர்க் காற்றில் ஈரம் மிகச் சொற்பம். அதையே வீட்டுக்குள் சூடாக்கும்போது காற்று இன்னும் உலர்ந்து, தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சுடுதண்ணீரும் காரமான சவர்க்காரமும் மிச்சமிருக்கும் சாந்தையும் கரைத்துவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? இளஞ்சூட்டு நீரில் ஐந்து முதல் பத்து நிமிடக் குளிப்புப் போதும். வாசனையற்ற மென்மையான சவர்க்காரத்தை அக்குள், அரை, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் வாசனையற்ற களிம்பைப் பூசுங்கள். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. சாதாரண பெற்றோலியம் ஜெலியே நன்றாக வேலை செய்யும்.

"எங்கள் தேங்காய் எண்ணெய்க்கு என்ன குறை?" என்று அம்மம்மாமார் கேட்பது எனக்குக் கேட்கிறது. சனிக்கிழமை கிணற்றடியில் எண்ணெய் தேய்த்து முழுக வார்த்த தாயின் கை எனக்கும் நினைவிருக்கிறது. பிலிப்பைன்சில் கரப்பான் உள்ள 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயை விடச் சுத்தமான தேங்காய் எண்ணெயே கூடிய பலன் தந்தது. ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஒலிவ் எண்ணெய் தோலின் மதிலைப் பலவீனப்படுத்துவதாக 2013இல் இங்கிலாந்து ஆய்வொன்று காட்டியது. எண்ணெயைத் தடவிவிட்டு அரப்பும் சீயாக்காயும் போட்டு உரஞ்சிக் கழுவினால் பலனும் கழுவுப்பட்டுப் போகும்.

பழக்குவது எப்படி? ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு இதைச் சேர்த்துவிடுங்கள். குளித்ததும் சாமி அறைக்குப் போய் நெற்றிக்குத் திருநீறு பூசுகிறான் அல்லவா? அதற்கு முன் கைகாலுக்குக் களிம்பு. மூன்று வயதில் அவன் கைகளில் பொட்டுப் பொட்டாக நீங்கள் வைத்துவிடுங்கள், அவன் பரப்பட்டும். ஆறு வயதில் அவனே பூசட்டும், முதுகை மட்டும் நீங்கள் பாருங்கள். ஒன்பது வயதில் நினைவூட்டல் போதும். ஏசாமல், விளையாட்டாகச் செய்தால்தான் நிலைக்கும்.

இனிச் சற்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. அண்மையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை என்னிடம் கூட்டி வந்தார்கள். கன்னம் இரண்டும் வெந்து உரிந்திருந்தன. பெரியம்மா மகளின் முகப்பூச்சை, அமிலம் கலந்த அந்தத் திரவத்தை, நாலு நாள் பூசியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "வெளிக்க வேணும்" என்றாள். ரிக்ரொக்கில் 7 முதல் 18 வயதினர் வெளியிட்ட நூறு காணொளிகளை ஆராய்ந்த அமெரிக்கக் கட்டுரையொன்று 2025இல் வெளிவந்தது. சராசரியாக ஒருவர் முகத்தில் ஆறு பொருட்கள் பூசுகிறாராம். மாதச் செலவு 168 டொலர். ரெட்டினோலும் பழ அமிலங்களும் முதிர்ந்த தோலுக்கானவை. குழந்தைக்கு அவை வேண்டாம். வெளிப்பூட்டும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசமும், வைத்தியர் எழுதித் தரவேண்டிய கடும் ஸ்ரீரொயிட் மருந்தும் இருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சிறுமிக்கு அந்த ஆசையை ஊட்டியது கடை மட்டுமா? "வெயிலுக்குப் போகாதே, கறுத்துப் போவாய்" என்று எத்தனை முறை நாம் சொல்லியிருப்போம்! வெயிலுக்குத் தொப்பியும் களிம்பும் போடச் சொல்வது சரி. காரணம் நிறமல்ல, வெந்து போகாமல் காப்பது என்று சொல்லுங்கள்.

கோவிலுக்கு வருவோருக்கு இன்னும் இரண்டு வார்த்தை. ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள ஒரு பொருளால் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பு விழுவதுண்டு. அரிப்புக் கண்டால் உடனே நிறுத்துங்கள். ஊரிலிருந்து வரும் கண் மைகள் சிலவற்றில் ஈயம் உண்டு. குழந்தையின் கண்ணுக்கு அதைத் தீட்ட வேண்டாம். காற்றோடு சேர்ந்த குளிர் −28 ஆனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். வாகனத் தரிப்பிடத்திலிருந்து வாசல் வரைதானே என்று கையுறையை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் அரிப்பு அடங்காவிட்டால், அல்லது நீர் கசிந்து பொருக்குக் கட்டினால், வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் தரும் மருந்துக்கு அஞ்சி அரைகுறையாகப் பூசாதீர்கள்.

என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். குளித்ததும் களிம்புப் போத்தலைத் தேடுவது இன்றும் அவன் வழக்கம். நாங்கள் பிந்தித் தொடங்கினோம். உங்கள் வீட்டில் இன்றிரவே தொடங்கலாம்.