வேலைக்கு வழிகாட்டும் பாதிப் பழக்கம்

லிங்க்ட்இன் போன்ற தொழில்சார் வலைத்தளங்களில் வேலை மூன்று வழிகளில் வருகிறது. ஆள் எடுப்பவர் தேடும்போது பெயர் கண்ணில் படுவது ஒன்று. நிறுவனத்துக்குள் இருக்கும் ஒருவர் ‘இவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்’ என்று சொல்வது இன்னொன்று. விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போடுவது மூன்றாவது. வேலை தேடுபவர்கள் பலரும் நாள் முழுக்கச் செய்வது இந்த மூன்றாவதைத்தான். உழைப்புக்கேற்ற பலன் கிடைக்காமல் போவதும் அதில்தான்.

காரணம் எளிது. ரீட் ஹாஃப்மனும் கூட்டாளிகளும் 2002 டிசம்பரில் தொடங்கி, 2003 மே மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட லிங்க்ட்இன், 2016-ல் மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போனது. விலை 2,620 கோடி டாலர். 2023-ல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் இருப்பது இந்தியாவில்; 10 கோடிக்கும் மேல். இந்தக் கூட்டத்தின் கையில் ‘ஈஸி அப்ளை’ என்ற பொத்தானைக் கொடுத்தால் என்ன ஆகும்? காலையில் வந்த விளம்பரத்துக்கு மாலைக்குள் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவிகின்றன. ஹெச்.ஆர். அவை எல்லாவற்றையும் திறந்து படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விண்ணப்பம் போடுவதானால் ஜாப் அலர்ட் வைத்துக்கொண்டு, கடந்த 24 மணி நேரத்தில் வந்தவற்றுக்கு மட்டும் போடுவதே உத்தமம். மிச்ச நேரம் முதல் இரண்டு வழிகளுக்கு.

முதல் வழி, தேடலில் சிக்குவது. ஆள் எடுப்பவர்களுக்கென்று லிங்க்ட்இன் தனியாக ஒரு கட்டணச் சேவை வைத்திருக்கிறது. அதில் பதவிப் பெயர், திறன், ஊர், அனுபவ ஆண்டுகள் ஆகியவற்றைக் கொடுத்துச் சலிக்கலாம். ‘இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் இருக்க வேண்டும், இது இருக்கக் கூடாது’ என்று கோத்தும் தேடலாம். சல்லடையில் நிற்பது சொற்கள்தான். ‘கடின உழைப்பாளி’, ‘விரைவில் கற்றுக்கொள்பவர்’ என்று யாரும் தேடுவதில்லை.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். புரொஃபைலில் அவர் பெயருக்குக் கீழே உள்ள வரியில் ‘புதிய வாய்ப்பைத் தேடும் மெக்கானிக்கல் இன்ஜினியர்’ என்று இருக்கிறது. நாட்டில் இதே வரியோடு எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்த வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. ‘குவாலிட்டி இன்ஜினியர் | பி.பி.ஏ.பி., எஸ்.பி.சி., சி.எம்.எம். | ஆட்டோ காம்போனென்ட்ஸ் | 4 வருட அனுபவம்’ என்று அதையே மாற்றினால், ஸ்ரீபெரும்புதூரில் சி.எம்.எம். என்ற அளவீட்டு இயந்திரம் தெரிந்த ஆளைத் தேடும் ஹெச்.ஆரின் பட்டியலில் அவர் பெயர் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. இவற்றை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தேடுபவர் தட்டச்சு செய்வது ஆங்கிலத்தில். சுருக்கப் பெயரையும் முழுப் பெயரையும் ஒரு முறையாவது போட்டு வைப்பது நல்லது. ஒருவர் ‘எஸ்.பி.சி.’ என்று தேடுவார், இன்னொருவர் முழுதாக எழுதித் தேடுவார்.

ஊர் என்ற கட்டத்தில் பலர் சொந்த ஊரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அருப்புக்கோட்டை என்று போட்டிருப்பவர் சென்னை என்று வடிகட்டும் தேடலில் வராமல் போகலாம். எந்த ஊரில் வேலை வேண்டுமோ, உடனே குடிபெயரவும் தயாராக இருந்தால், அந்த ஊரைப் போடுவதில் தவறில்லை.

அனுபவப் பகுதிதான் பேச்சை நேர்காணல் வரை கொண்டுபோகிறது. ‘உற்பத்தித் தரத்தைக் கண்காணித்தேன்’ என்ற வாக்கியம் பொய்யில்லை, ஆனால் அதில் ஒன்றும் இல்லை. ‘மெஷினிங் லைனில் ரிஜெக்‌ஷன் 2.1 சதவீதமாக இருந்தது. ஃபிக்ஸ்சரை மாற்றி எட்டு மாதத்தில் 0.8 சதவீதத்துக்கு இறக்கினோம். கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட்டுக்கு எட்டு-டி ரிப்போர்ட் தயாரித்தது நான்’ என்று எழுதினால், அந்தத் தொழில் தெரிந்தவர் அங்கே நின்று படிப்பார். எது குழுவின் வேலை, எது தன் வேலை என்று பிரித்துச் சொல்லியிருப்பதையும் கவனிப்பார். வாடிக்கையாளர் பெயர், வரைபடம், விலை போன்ற நிறுவன ரகசியங்கள் இதில் வரக் கூடாது. அவற்றைப் பொதுவில் போடுகிறவரை அடுத்த நிறுவனமும் நம்பாது.

புதிதாகப் படிப்பை முடித்தவர்களுக்கு எழுத அனுபவம் இல்லை என்பது பாதி உண்மைதான். இறுதியாண்டு ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், ‘நான் முதல்வன்’ திட்டத்தில் முடித்த பயிற்சி எல்லாமே எழுதத் தக்கவை, உண்மையில் செய்தவையாக இருக்கும்வரை. கடையில் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டைப் பெருமையாகப் போட்டிருப்பவர், நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். புகைப்படம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும், கல்யாண ஆல்பத்தில் இருந்து வெட்டி எடுத்தது வேண்டாம்.

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுபவர்களின் கவலை வேறு. ‘ஓபன் டு வொர்க்’ வசதியில் இரண்டு தேர்வுகள் உண்டு. எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்தால் வளையம் வராது. இரண்டாவதில், தற்போதைய நிறுவனத்தின் ஹெச்.ஆர். கண்ணில் படாமல் இருக்க லிங்க்ட்இன் முயல்கிறது. முழு உத்தரவாதம் தர முடியாது என்று அதுவே சொல்லிவிடுகிறது. புரொஃபைலைத் திருத்தும்போது, மாற்றங்களைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் வசதியை அணைத்து வைக்காவிட்டால், புதுப் பதவிப் பெயர் முதலில் மேலதிகாரிக்கே போய்ச் சேரலாம். வேலை போய்விட்ட நிலையில் இருப்பவருக்கு இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. பச்சை வளையம் கௌரவக் குறைச்சல் என்ற பேச்சு உண்டு. தேடுபவரின் வேலையை அது சுலபமாக்குகிறது என்பதே பொருட்படுத்த வேண்டிய விஷயம்.

இரண்டாவது வழிதான் இந்தத் தளங்களின் உண்மையான பலம். அதற்கு ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி ஆதரவும் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகே உள்ள நியூட்டன் நகரில், அப்போதுதான் வேலை மாறியிருந்தவர்களைப் பேட்டி கண்டார். 1973-ல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 16.7 சதவீதத்தினர் மட்டுமே அந்த நபரை அடிக்கடி சந்திப்பவர்கள். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர்கள் 27.8 சதவீதம். ஆச்சரியப்பட இதில் ஒன்றுமில்லை. தினமும் கூடவே டீ குடிக்கும் நண்பருக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேறு கம்பெனியில், வேறு ஊரில், வேறு வட்டத்தில் இருப்பவரிடம்தான் புதிய தகவல் இருக்கும்.

லிங்க்ட்இன் தளத்திலேயே இது பின்னர் சோதித்துப் பார்க்கப்பட்டது. ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று தளம் காட்டும் பரிந்துரைகளை ஆளுக்கு ஆள் மாற்றி, ஐந்து ஆண்டுகளில் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனை அது. 200 கோடிப் புதிய தொடர்புகள், 6 லட்சம் புதிய வேலைகள் அதில் பதிவாயின. முடிவுகள் 2022 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. (தாங்கள் சோதனைக்கு உள்ளாகிறோம் என்பது அந்த 2 கோடிப் பேருக்குத் தனியாகச் சொல்லப்படவில்லை என்ற சர்ச்சையும் கூடவே எழுந்தது.) நெருங்கியவர்களைவிட ஓரளவு தூரத்துப் பழக்கமே, அதாவது பாதிப் பழக்கமே, வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது, சுமார் பத்து பொது நண்பர்கள் இருக்கும் அளவிலான பழக்கம் நல்ல பலன் தந்தது. முன்பின் தெரியாதவர்களுடன் ஏற்படும் தொடர்பால் அவ்வளவு பயன் இல்லை. ஆகவே, கண்ணில் பட்டவருக்கெல்லாம் அழைப்பு அனுப்பி எண்ணிக்கையை ஏற்றுவது வீண். இன்னொரு முடிவும் முக்கியம்: மென்பொருள் போன்ற டிஜிட்டல் துறைகளில்தான் தூரத்துப் பழக்கம் கூடுதலாக வேலை செய்தது; டிஜிட்டல் பயன்பாடு குறைந்த துறைகளில் நெருங்கிய பழக்கமே கைகொடுத்தது. ஓசூர்க்காரர் தன் பழைய ஷிஃப்ட் சகாக்களை விட்டுவிடக் கூடாது.

இந்தப் பாதிப் பழக்கக்காரர்கள் யார்? முந்தைய கம்பெனியில் ஒன்றாக இருந்து விலகியவர்கள், தணிக்கைக்கு வந்துபோன வாடிக்கையாளர் தரப்பு இன்ஜினியர், பொருள் சப்ளை செய்த வென்டரின் ஆள், கல்லூரி சீனியர்கள். கடைசி வகையைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பக்கத்துக்குப் போய் முன்னாள் மாணவர்கள் பகுதியைத் திறந்தால், யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன துறையில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும். விருதுநகரிலோ நாமக்கல்லிலோ படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வெளியே வந்தவருக்கு ‘கார்ப்பரேட்டில் யாரைத் தெரியும்’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அடுத்தது என்ன எழுதுவது என்பது. ‘ஹாய் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். ‘சார், உங்க கம்பெனியில் வேகன்ஸி இருக்கா?’ என்பது அடுத்த ரகம். இரண்டிலுமே எதிரில் இருப்பவர்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது. அவர் ஒரு நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடியதாகக் கேட்பதே முறை:

‘வணக்கம் சார். நான் நம்ம காலேஜ் மெக்கானிக்கல், 2019 பேட்ச். ஓசூரில் நான்கு வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். உங்கள் கம்பெனியின் ஒரகடம் பிளான்ட்டில் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு விளம்பரம் பார்த்தேன், ஜாப் ஐ.டி. கீழே உள்ளது. அந்த டீமில் எதை முக்கியமாகப் பார்ப்பார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். பொருத்தம் என்று பட்டால் ரெஃபர் செய்ய முடியுமா? ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்.’

சீனியரிடம் தமிழில் எழுதலாம், அறிமுகமில்லாத ஹெச்.ஆரிடம் ஆங்கிலம்தான் சரி. ஜாப் ஐ.டி. இருந்தால் அவர் தன் நிறுவனத்தின் உள் தளத்தில் ரெஸ்யூமேவை ஏற்றிவிட முடியும். பல நிறுவனங்கள் ரெஃபர் செய்த ஊழியருக்கு, வந்தவர் சேர்ந்து சில மாதம் நிலைத்தால், ஊக்கத்தொகையும் தருகின்றன. அதனால் கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. அவரால் முடிவது ரெஸ்யூமேவை உரியவர் மேசைக்குக் கொண்டுபோவது வரைதான். தேர்வு அவர் கையில் இல்லை. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் கேட்டால் தொல்லை.

பதிவு எழுதுவது எல்லோருக்கும் அவசியமில்லை. தன் துறை சார்ந்த ஒருவரின் பதிவுக்குக் கீழே, தொழில் தெரிந்தவராக இரண்டு வரி எழுதினாலே பெயர் பதியும். வேலை விளம்பரங்களின் கீழே ‘இன்ட்ரஸ்டட்’ என்று நூறு பேர் வரிசையாக எழுதி வைக்கும் வழக்கத்தால் இதுவரை யாருக்கு நன்மை என்று தெரியவில்லை, பதிவு போட்டவரின் வீச்சு கூடுவதைத் தவிர. பழைய நிறுவனத்தை, பழைய மேலாளரைத் திட்டும் பதிவுகள் நிறைய கைதட்டல் வாங்கும். வேலை வாங்கித் தராது.

லிங்க்ட்இன் ஒன்றே போதாது. 1997-ல் தொடங்கிய நௌக்ரி வேறு வகை. அங்கே உறவு கிடையாது, ரெஸ்யூமே கிடங்கு மட்டும்தான். எத்தனை நாள் நோட்டீஸ் பீரியட், தற்போதைய சம்பளம் என்ன, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்றெல்லாம் பார்த்துச் சலிப்பார்கள். 90 நாள் நோட்டீஸில் இருக்கும் ஐ.டி. ஊழியர், வேலையை ராஜினாமா செய்த பிறகு கடைசி நாளைக் குறிப்பிட்டால் அழைப்புகள் கூடுவது அதனால்தான். டெலிவரி, விற்பனை, அலுவலக உதவி போன்ற வேலைகளுக்கு லிங்க்ட்இன்னைவிட அப்னா போன்ற செயலிகளும், தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளமும் பொருத்தம்.

எல்லாத் தளங்களிலும் மோசடிக்காரர்கள் உண்டு. பெரிய நிறுவனத்தின் ஹெச்.ஆர். என்று சொல்லிக்கொள்பவரின் மின்னஞ்சல் பொது ஜிமெயிலாக இருப்பது, நேர்காணல் வாட்ஸ்அப் அரட்டையிலேயே முடிந்துவிடுவது, புரொஃபைல் போன வாரம் பிறந்ததாக இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்பது ஆகியவை அடையாளங்கள். முறையான நிறுவனம் வேலைக்குச் சேர்பவரிடம் பணம் வாங்காது. லிங்க்ட்இன்னில் அடையாளச் சரிபார்ப்புக் குறி உண்டு; இந்தியாவில் டிஜிலாக்கரில் உள்ள ஆதார் மூலம் அதைப் பெறலாம். குறி இருந்தால் ஆள் உண்மையானவர் என்று கொள்ளலாம். அவர் சொல்லும் வேலையும் உண்மைதானா என்பது தனியாக, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பார்க்க வேண்டியது.

வெளிநாட்டு வேலையில் ஆபத்து பணத்தோடு நிற்பதில்லை. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடக விளம்பரங்களால் ஈர்க்கப்பட்ட இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டினரும் இருந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் வேலைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. இணையத்தில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் மோசடிக்காரரின் கணக்கில் இருந்து அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கிவிட்டால் மீட்க வழி உண்டு.