நம் கோப்பிக் கடையின் பொறுப்பு

தோட்ட முகப்பிலோ, அருகிலுள்ள சிற்றூரிலோ ஒரு கோப்பிக் கடை இல்லாத தோட்டப்புறம் அரிது. பிரட்டுக்குச் செல்லுமுன் ஒரு கோப்பை, பால் நிறுத்துத் திரும்புகையில் ஒரு கோப்பை என அங்குச் செல்வோர் பலர். பானம் சுவையாக உள்ளதா என்று பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அக்கடை தன்னைச் சுற்றியுள்ள நீருக்கும் மண்ணுக்கும் மனிதர்க்கும் தீங்கின்றி நடைபெறுகிறதா என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும்.

கோப்பிக்கும் நமக்கும் உள்ள உறவு பழைமையானது. மலாக்காவில் டான் சாய் யான் 1896ஆம் ஆண்டில் இரப்பரை வணிகப் பயிராக நடத் தொடங்கிய காலத்தில், மலாயாவின் தோட்டங்கள் பலவற்றில் வளர்ந்தது கோப்பிச் செடியே. பிரேசில் நாட்டின் மிகுவிளைச்சலால் விலை சரிந்தபோது அவ்விடத்தை இரப்பர் பிடித்துக்கொண்டது. செடி போயிற்று, பழக்கம் தங்கிவிட்டது. 2024ஆம் ஆண்டில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவற்றைக் கொண்ட மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. பல்லினத்தவரும் கூடி உண்ணும் இடம் என்னும் சிறப்பு அத்தகைய கடைகளுக்கு உண்டு.

கடையின் பொறுப்பில் முதன்மையானது கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. நம் நாட்டில் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம். தூளின் கருமைக்கு அதுவும் ஒரு காரணம். அதன்மேல் ஊற்றப்படுவது கெட்டிப்பால். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சீனியே. கடைகளில் பயன்படும் டின்கள் பலவற்றில் பாலைவிடச் செம்பனை எண்ணெயே மிகுதி என்பதை டின்னின் மேலுள்ள எழுத்தைப் படிப்போர் அறிவர். ஒரு மேசைக் கரண்டிக் கெட்டிப்பாலில் சுமார் 9 கிராம் சேர்க்கப்பட்ட சீனி உள்ளது. இரண்டு கரண்டி ஊற்றிய கோப்பியை நாளொன்றுக்கு மூன்று முறை அருந்துவோர் 54 கிராம் சீனியை உட்கொள்கின்றனர். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதிற் பாதியே மேலானது என்றும் அது கூறுகிறது. சோறும் பலகாரமும் இக்கணக்கிற் சேரவில்லை. மரம் வெட்டி வியர்வை சிந்துபவனுக்கு இனிப்பு ஒன்றும் செய்யாது என்று சொல்வோர் உளர். அது தவறான எண்ணம். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டில் பெரியவர் அறுவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு.

புட்டியிலும் டின்னிலும் அடைத்து விற்கப்படும் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் கலால் வரி விதித்துள்ளது. கடைக்காரர் கலக்கும் கோப்பியை அவ்வரி தொடுவதில்லை. அங்கே அவர் கைக்கரண்டியே அளவு. ஆகவே “சீனி எவ்வளவு போடட்டும்?” என்று கேட்கும் கடைக்காரரை நல்ல கடைக்காரர் எனலாம். அவர் கேட்காவிடினும், “கூராங் மானிஸ்” என்று நாம் சொல்வதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது குப்பை. கோப்பியைப் பொட்டலமாக வாங்குவோர்க்கு முன்னாளில் காலிப் பால் டின்னில் கயிறு கட்டிக் கொடுத்தனர். இன்று கொதிக்கும் கோப்பியை நெகிழிப் பையில் ஊற்றித் தருகின்றனர். ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழியை 2030க்குள் ஒழிப்பதற்கான திட்டத்தை அரசாங்கம் 2018இல் வெளியிட்டது; கோலாலம்பூரில் பாலிஸ்டைரின் பெட்டிகளுக்கு 2017 முதலே தடை. தோட்டப்புறத்தில் அப்பைகள் கடையின் பின்புறம் எரிக்கப்படுவதை நாம் காண்கிறோம். திறந்த வெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி குற்றம். அப்புகை முதலில் நம் பிள்ளைகளின் நெஞ்சிற்றான் நுழைகிறது. வீட்டிலிருந்து வெந்நீர்க் குடுவை கொண்டு செல்வது எளிய வழி.

பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால் அது உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனைச் சேர்த்து வைத்தால் விலை கொடுத்து வாங்கிச் செல்வோர் இருக்கின்றனர். கோப்பிச் சக்கையோ மட்கியபின் காய்கறிப் பாத்திக்கு ஏற்ற உரம். வெளியே எறிந்த பால் டின்னில் மழைநீர் தேங்கினால், ஒரு வாரத்திற்குச் சற்றுக் கூடுதலான நாளில் ஏடிஸ் கொசு வளர்ந்து பறந்துவிடும். கைவிடப்பட்ட பால் கோப்பைகளிலும் அதே கொசு பெருகுவதை மரம் வெட்டுவோர் அறிவர்.

இவையெல்லாம் சிறு செலவில் சீராகும். மனிதரைப் பற்றிய பொறுப்பே கடினமானது. உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. 2025 ஆகஸ்ட் முதல் ஓரிருவரை மட்டும் வேலைக்கு வைத்திருக்கும் கடையும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையாத சம்பளம் தரவேண்டும். மேசை துடைக்கும் அயல்நாட்டு இளைஞனும் நம்மைப் போன்ற தொழிலாளியே. உணவுக்கடைகளில் புகைபிடித்தல் 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் ஓரத்து மேசையில் ஒருவர் பற்றவைத்தால் கடைக்காரர் வாடிக்கையை எண்ணி வாய் திறப்பதில்லை.

கடன் புத்தகம் ஒன்று உண்டு. சம்பள நாள்வரை பற்று வைக்க இடம் தரும் கடை, நெருக்கடியில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருப்பது நன்றன்று. வாங்கிய நாள், பொருள், விலை ஆகியவற்றை நாமும் ஒரு சிறு நோட்டில் குறித்து, மாத இறுதியில் இரண்டையும் ஒப்பிடல் வேண்டும். எழுதத் தெரியாத முதியோர்க்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை எழுதித் தரலாம். பற்றில் வாங்குவோர்க்கு ஒரு விலை, ரொக்கத்திற்கு ஒரு விலை என்றிருந்தால், அது அந்நோட்டில் உடனே தெரிந்துவிடும்.

விலைப் பட்டியல் தொங்கவிடாத கடையைப் பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் வட்டார அலுவலகத்தில் முறையிடலாம். கடையின் பெயர், சென்ற நாள், பொருள், கொடுத்த விலை ஆகியவற்றோடு, ரசீது இருப்பின் அதனையும் கொண்டு செல்லுங்கள்.