காவேரியின் கடைமடைக்கு ஒருநாட் பயணம்

காவேரி பிறக்குமிடத்தை டெல்டாக் குடியானவர் யாவரும் அறிவர். அது முடியுமிடம் யாது என்று வினவினால் பூம்புகார் என்று உடனே விடை வரும். ஆயினும் வெண்ணாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த விவசாயிக்கு அவ்விடை முற்றும் பொருந்தாது. நீடாமங்கலத்தை அடுத்த மூணாற்றுத் தலைப்பில் பெரிய வெண்ணாறு மூன்று கிளைகளாகப் பிரிகின்றது. அவற்றுள் கோரையாறும் பாமணியாறும் தென்முகமாக ஓடி, வழியெல்லாம் வயல்களை நனைத்து, அவ்வயல்களின் வடிநீரையும் ஏற்றுக்கொண்டு, முத்துப்பேட்டைக்குத் தெற்கேயுள்ள உப்பங்கழியில் கலக்கின்றன. அங்கே கரை நெடுகப் படர்ந்திருப்பது அலையாத்திக் காடு. தம் வயலில் பாய்ந்த நீர் இறுதியில் சேருமிடத்தை ஒரு முறையேனும் கண்ணாற் கண்ட விவசாயிகள் மிகச் சிலரே.

சம்பா அறுவடை முடிந்து, களத்து வேலையும் ஓய்ந்த ஒரு மாசி மாதத்துக் காலையில், கோரையாற்றின் கடைமடையிலுள்ள ஒரு சிற்றூரின் விவசாயிகள் எண்மர் இக்காட்டைக் காணப் புறப்பட்டனர். அவர்கள் சென்றது வேடிக்கை பார்ப்பதற்காக மட்டுமன்று. அவ்வூரில் ஒரு வழக்கு இருந்தது. முந்தைய ஐப்பசி மழையில் நட்ட பயிர் எட்டு நாள் நீரில் மூழ்கி அழுகிற்று. ஊர் வடிவாய்க்கால் தூர்ந்து கிடந்ததே காரணம். அதன் இருகரையிலும் வயலுடையோர் ஆண்டுக்கு ஒரு முழமாக வரப்பைத் தள்ளிக்கொண்டே வந்ததில், வாய்க்கால் பாதியாகச் சுருங்கிவிட்டது. மீந்த பாதியில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டியிருந்தன. அதனை அளந்து தூர்வார வேண்டும் என்றனர் ஒரு சாரார். பட்டாதாரர் நிலத்தில் கைவைப்பதா என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே படகில் ஏறினர்.

படகுப் பயணம்

முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடைப் படகுத்துறையிலிருந்து பயணம் தொடங்குகின்றது. வன இலாகாவின் அனுமதி பெற்றே காட்டினுட் செல்லுதல் வேண்டும். இயந்திரம் பூட்டிய படகில் வழி தெரிந்த படகோட்டி உடன் வருவார். துறையைவிட்டு அகன்றதும், அகன்ற ஆற்றுப்பகுதியில் படகு முன்புறம் உயர்ந்து, நீரை இரு பக்கமும் கிழித்துக்கொண்டு விரைகின்றது. கரையிலுள்ள தென்னைகள் பின்னே நகர்ந்து மறைகின்றன. சிறிது நேரத்தில் இருமருங்கிலும் கரும்பச்சை இலையும் சாம்பல் நிற அடிமரமும் கொண்ட மரங்கள் நெருங்கி வந்து நிற்கின்றன. அவ்விடத்தில் படகோட்டி இயந்திரத்தைத் தணித்துவிட்டார்.

“ஏன் தம்பி, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?” என்று கேட்டார் கூட்டத்தில் மூத்தவர்.

“வேகமாகப் போனால் அலை கரையை அரிக்கும், ஐயா. சேறு சரிந்தால் வேர் வெளியே வந்துவிடும். மேலும் முன்னால் கழியில் ஆழம் குறைவு. தடம் தப்பினால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்” என்றார் படகோட்டி.

அவர் கூறியது மெய்யே. ஆறுகள் வந்து சேரும் உப்பங்கழி பரப்பிற் பெரியதாயினும், பெரும்பாலான இடங்களில் ஆழம் இடுப்பளவே. தெற்கே பாக் ஜலசந்தி. அங்கிருந்து கழிமுகத்தின் வழியாகக் கடல்நீர் ஏறியும் இறங்கியும் வருகின்றது. இப்பகுதியில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு மிகச் சிறிது. ஆதலின் நிலம் ஒரு சாண் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும், ஆங்கு நீர் வடிவதும் நிற்பதும் மாறிவிடுகின்றது. இச்செய்தியைப் படிப்போர் நினைவில் வைத்தல் நலம். பின்னர் வருவதற்கெல்லாம் இதுவே அடிப்படை.

காட்டின் இயல்பு

முத்துப்பேட்டைச் சதுப்பு நிலக்காடு சுமார் 12,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 30,000 ஏக்கர் பரப்புடையது. இதில் பெரும்பகுதி நீர்ப்பரப்பும் வெறுஞ் சேற்றுநிலமுமேயாம். மரம் அடர்ந்த பகுதி ஒரு பங்கு மாத்திரமே. டெல்டாவின் வடகோடியில், கொள்ளிடக் கழிமுகத்தை அடுத்துப் பிச்சாவரம் இருப்பது போல, தென்கோடியில் இது அமைந்துள்ளது. கோடியக்கரைச் சரணாலயத்தோடு சேர்த்து இப்பிரதேசம் 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

இங்கு மிகுந்திருப்பது வெண்கண்டல் எனப்படும் மரம். பொதுமக்கள் இதனையே அலையாத்தி என்பர். அலையை ஆற்றுவதால் இப்பெயர் பெற்றது என்பது வழக்கு. ஆற்றோரங்களில் நரிக்கண்டலும் தில்லையும் காணப்படும். தில்லையின் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். அதன் கிளையை ஒடித்தலாகாது. மரமற்ற உவர்த் திட்டுகளில் உமரிப் பூண்டு சிவந்து படர்ந்திருக்கும்.

வெண்கண்டல் உப்பு நிலத்தில் வாழும் வகை விவசாயிகள் கருதத்தக்கது. நெற்பயிரோ எனில், மண்சாற்றின் உவர்ப்பு ஏறக்குறைய 3 டெசிசைமன்ஸ் அளவைக் கடந்ததும் விளைச்சலிற் குறையத் தொடங்கும். கடல்நீரின் அளவு சுமார் 50. அத்தகைய நீரில் நின்றும் இம்மரம் செழிக்கின்றது. உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிட்டு, மீறி ஏறியதை இலையின் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகின்றது. அன்று படகிலிருந்தோர் ஓர் இலையை விரலால் தடவி நாவில் வைத்துப் பார்த்தனர், கரித்தது. சேற்றிற் காற்றில்லாமையால், மரத்தைச் சுற்றிலும் எழுதுகோல் நட்டாற்போல ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் மேல்நோக்கி எழுந்துள்ளன. விதையும் மரத்திலேயே கருமுளைத்து, விழுந்த இடத்தில் விரைந்து வேர் ஊன்றுகின்றது.

இத்தனை வல்லமை வாய்ந்த மரமும் ஒரு காலத்தில் இங்கே கூட்டங்கூட்டமாக மாண்டது. அதன் காரணமே இப்பயணத்தின் பாடம்.

காடு மடிந்த வகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்காடு தஞ்சைச் சத்திரங்களின் நிர்வாகத்தில் இருந்தது. காட்டு வருமானம் சத்திரச் செலவுக்கும் பயன்பட்டது. 1937-ஆம் ஆண்டில் இது வன இலாகாவின் வசமாயிற்று. அக்காலங்களில் விறகுக்காகக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை அடியோடு வெட்டுவது முறையாயிருந்தது. வெட்டிய இடத்தில் தானே மீண்டும் முளைக்கும் என்று எதிர்பார்த்தனர். பல இடங்களில் முளைக்கவில்லை.

ஆடு மாடு மேய்தலையும் விறகு திருடுவோரையும் நெடுங்காலம் குறை கூறினர். பின்னர் நடந்த ஆராய்ச்சியில் வேறொரு காரணம் தெளிவாயிற்று. மரநிழல் நீங்கியதும் சேற்றின்மேல் வெயில் நேரே தாக்கிற்று. மண்ணிலிருந்த நீர் வற்றவே, நிலம் அமிழ்ந்து தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதம் ஏறுங்காலத்து அக்குழியிற் புகுந்த கடல்நீர், ஓதம் இறங்கும்போது வெளியேறவில்லை. தேங்கிய நீர் கோடையில் வற்ற வற்ற, நீர் ஆகாயம் சென்றது. உப்பு மண்ணிலே தங்கிற்று. மறுபடியும் நீர், மறுபடியும் உப்பு. இவ்வாறு சில ஆண்டுகளில் கடல்நீரினும் மிக்க உவர்ப்பு ஏறி, வெண்கண்டலின் விதையும் பிழைக்கவியலாத நிலை உண்டாயிற்று. சுருங்கக் கூறின், காட்டைக் கொன்றது கடல்நீர் அன்று, வடியாத கடல்நீரே.

மீன்முள் வாய்க்கால்

நோயின் மூலம் அறிந்தபின் சிகிச்சை எளிதாயிற்று. கும்பகோணத்திற் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமும், வன இலாகாவும், அக்கம்பக்கத்துக் கிராம மக்களும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒன்றுகூடி இவ்வேலையை மேற்கொண்டனர். குழிந்த நிலத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்காலை வெட்டி ஆற்றோடு இணைத்தனர். அதன் இருபக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களை வெட்டினர். மேலிருந்து நோக்கின் மீனின் நடுமுள்ளும் கிளைமுட்களும் போலத் தோன்றும். ஓதம் ஏறுகையில் நீர் உள்ளே பரவுகின்றது. இறங்குகையில் முற்றும் வடிகின்றது. நாள்தோறும் கழுவப்படுவதால் உவர்ப்பு தணிந்தது. வாய்க்காற் கரைச் சரிவில், நீர் தொட்டுச் செல்லும் மட்டத்தில் விதைகளை ஊன்றினர். இன்று அவ்விடங்களில் வரிசை வரிசையாக மரங்கள் நிற்பதைக் காணலாம்.

இது மீனவர்க்கு முற்றும் புதுமையன்று. கழியிலிருந்து சேற்றுநிலத்தினுள் வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு ஏறும் மடவையும் கொடுவாவும் இறாலும் பிடிப்பது முத்துப்பேட்டை மீனவரின் பழந்தொழில். அத்தகைய வாய்க்கால்களின் கரையில் மரம் தழைத்திருத்தலைப் படகோட்டி சுட்டிக் காட்டினார். “நாங்கள் மீனுக்காக வெட்டினோம், ஐயா. மரம் தானாக வந்தது” என்றார்.

மூத்த விவசாயி நெடுநேரம் அவ்வாய்க்காலையே நோக்கியிருந்தார். ஊர் வடிவாய்க்காலில் மிகுதியாக வரப்பைத் தள்ளியவர் அவரே என்பதை உடனிருந்தோர் அறிவர். எவரும் வாய் திறக்கவில்லை.

கடலில் வீணாகும் நீரா?

“காவேரித் தண்ணீர் கடலிற் போய் வீணாகின்றது” என்பது டெல்டாவில் அடிக்கடி கேட்கும் சொல். இக்காட்டைக் கண்டோர் அதனைச் சற்றே திருத்திச் சொல்லக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் வரும் நன்னீரே உப்பங்கழியின் உவர்ப்பைத் தணித்து, இளங்கன்றுகளுக்கு உயிரளிக்கின்றது. ஆற்று வண்டலும் அதனுடனே வந்து படிகின்றது. இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்வது அத்தகைய கலப்பு நீரிலேதான். கூழைக்கடாவும் பூநாரையும் இங்கே கூடுவது அவ்விரைக்காகவே. ஆற்றில் நன்னீர் குறையும் ஆண்டுகளில் கோடை உவர்ப்பு மிகுகின்றது. கடல்நீரும் ஆற்றில் மேலேறிக் கடைமடை வயல்களின் நிலத்தடி நீரைக் கெடுக்கின்றது. ஆகவே காட்டுக்குச் செல்லும் நன்னீர், வயலுக்குக் காவலாகவும் நிற்கின்றது.

புயற்காலத்திலும் காடு பயன்படும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர்ப் பகுதியில் மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகச் சேதமுற்றன என்று அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறிற்று. ஆயினும் காடு எதனையும் தாங்கும் என எண்ணுதல் பிழை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய கஜாப் புயலில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அலையாத்தி மரங்களும் பல முறிந்தன, எஞ்சியவை இலையிழந்து நின்றன. காடு அலையின் வேகத்தைத் தணிக்கும், கரை மண்ணைப் பிடித்து நிறுத்தும். மற்றவற்றை மனிதனே கவனித்தல் வேண்டும்.

வயலுக்கு உரிய பாடம்

காட்டிற்கு உரைத்த நியதியே வயலுக்கும் உரியது. உவர் நிலத்தைத் திருத்த முதலில் வேண்டுவது வடிகால். வடிகால் இருப்பின், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடித்துவிடலாம். வடிகாலின்றி நீரைத் தேக்குதல், குழிந்த காட்டில் நேர்ந்ததையே வயலிலும் நேர்விக்கும். பின்னர் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுதல் நலம். களர் நிலமாயின் மண் பரிசோதனையின்படி ஜிப்சமும் இடுதல் வேண்டும். உவருக்கும் களருக்கும் வேற்றுமை அறியாது ஜிப்சத்திற்குச் செலவிடுதல் வீண். கடலோர நிலங்களுக்குக் குழியடிச்சான், களர்ப்பாளை முதலிய பழைய ரகங்களும், திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். ரகங்களும் உள்ளன. வெண்கண்டலின் உப்புத் தாங்கும் மரபணுவை நெல்லிற் சேர்க்கும் ஆராய்ச்சியும் நடந்துள்ளது. எந்த ரகமாயினும், அழுகும் நீரில் எட்டு நாள் நிற்பின் பயன் தராது.

ஆதலின் மேட்டூர் நீர் வருமுன், சித்திரை, வைகாசி மாதங்களிலேயே வடிவாய்க்கால்களைச் செப்பனிடுதல் வேண்டும். கிராம வரைபடத்தின்படி அகலத்தை அளந்து கல் நடுதலும், மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் ஒரே நாளில் இறங்கித் தூர்வாருதலும் சிறந்த முறை. ஒருவர் தம் வயலருகே மாத்திரம் வெட்டினால், நீர் அடுத்தவர் வயலில் நின்றுவிடும்.

பயணஞ் செல்வோர்க்கு

காலை நேரமே ஏற்றது. மார்கழி முதல் மாசி வரை பறவைகள் மிகுதி. காற்றும் மழையும் மிகுந்த நாட்களிற் செல்லலாகாது. உயிர்காப்பு மேலாடையை அணிந்தே படகில் ஏறுதல் வேண்டும். குடிநீரும் உணவும் உடன் கொண்டு செல்க. காகிதமும் பிளாஸ்டிக்கும் காட்டில் விடற்க. மூச்சுவேர்களை மிதித்தலும் கூச்சலிடுதலும் தவிர்க்கத் தக்கன.

அவ்வெண்மரும் பொழுது சாயுமுன் துறைக்குத் திரும்பினர். படகைவிட்டு இறங்குகையில் மூத்தவர் கிராமக் கணக்கைப் பற்றிப் பேச்செடுத்தார். “சர்வேயரை எந்தக் கிழமை அழைக்கலாம்? அளவை என் வரப்பிலிருந்தே தொடங்கட்டும்” என்றார்.