கிலோவுக்கு 12 கிராம் அலுமினா

லித்தியம் 7, லந்தனம் 3, சிர்கோனியம் 2, ஆக்சிஜன் 12. திரவமில்லாத பேட்டரிக்கான இந்தக் கார்னெட் பீங்கானை 2007-இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்திலிருந்து அறிவித்தவர்கள் ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர். அறை வெப்பநிலையில் அயனிக் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.3 மில்லிசீமென்ஸ். அதில் ஒரு பங்கு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூசையுடையது என்பது பின்னால்தான் தெரிந்தது: சூளையில் மூசையிலிருந்து அலுமினியம் பீங்கானுக்குள் கசிந்திருக்கிறது. மாசே இல்லாமல் செய்தால் கடத்துதிறன் சுமார் 0.001-க்கு இறங்கிவிடும்.

காரணம் எளிது. தூய படிகத்தில் 7 லித்தியமும் தத்தம் இடத்தில் ஒழுங்காக அமர்ந்திருக்கும், நகர வழியில்லை. மூன்று லித்தியத்தின் மின்சுமையை ஓர் அலுமினியம் ஈடுசெய்வதால், அது நுழையும்போது இரண்டு இடம் காலியாகும். 0.2 அலுமினியம் போதும்; லித்தியம் 6.4 ஆகி, படிகம் கனசதுர வடிவில் நிலைக்கும். ஒரு கிலோவுக்கு வேண்டிய அலுமினா 12 கிராம்.

வரவைப் பார்ப்போம். 20 மைக்ரான் பீங்கான் தகடு, சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லியாம்பியர் மின்னோட்டம். மாசில்லாத தகட்டில் 2 வோல்ட் வீணாகும். அலுமினியம் சேர்த்ததில் 6.7 மில்லிவோல்ட்.

டாண்டலம் இன்னும் மேல். அது சிர்கோனியத்தின் இடத்தில் அமர்வதால் லித்தியத்தின் பாதையை மறிப்பதில்லை. 0.6 டாண்டலம் சேர்த்தாலும் லித்தியம் அதே 6.4தான், கடத்துதிறனோ 1 மில்லிசீமென்ஸ். செலவு: கிலோவுக்கு 149 கிராம் டாண்டலம் ஆக்சைடு, அதுவும் விலை கூடிய சரக்கு. வீணாவது 2 மில்லிவோல்ட். அதாவது இவ்வளவும் கொட்டி மிச்சம் பிடித்தது 4.7 மில்லிவோல்ட்!

ஆய்வகத்தின் 1 மில்லிமீட்டர் வில்லையில் இதே கணக்கு 333 மில்லிவோல்ட்டுக்கு 100 என்று வரும். டாண்டலத்தின் புகழில் பாதி வில்லையின் தடிமனால் வந்தது என்பேன். கடத்துதிறனில், காலியம் ஆக்சைடு கிலோவுக்கு 22 கிராமிலேயே டாண்டலத்தை மிஞ்சும். ஆனால் 2023 ஆகஸ்ட் முதல் சீனா அதற்கு ஏற்றுமதி உரிமம் கேட்கிறது.

பெரிய இழப்பு பீங்கானுக்குள் இல்லை, லித்தியம் உலோகத்தைத் தொடும் முகத்தில் இருக்கிறது. அங்கே 1,710 ஓம்-சதுர சென்டிமீட்டராக இருந்த தடையை 2017-இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 1-ஆகக் குறைத்தது. பூசியது சில நானோமீட்டர் அலுமினா.